ஒரே ஆளிடம் இரண்டு நோய்கள்: ஏடிஎச்டியையும் பைபோலாரையும் பிரித்தறிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

27 வயதுப் பெண். திட்ட அறிக்கைகள் தயாரிக்கும் அலுவலக வேலை. தடிமனான ஒரு கோப்போடு தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கோப்பில் மூன்று மனநல மருத்துவர்களின் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நோய்ப் பெயர். அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு ஏடிஎச்டியா, பைபோலாரா? யாராவது ஒருத்தர் உறுதியா சொல்லுங்க டாக்டர்."

ஏடிஎச்டி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறும், மனநிலை அளவு மீறி எழுவதும் ஆழ்ந்து சோர்வதுமாக மாறிவரும் பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறும் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றோடொன்று எளிதில் குழம்பும். இவருடைய நிகழ்வை எழுதக் காரணம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரே ஆளின் வாழ்க்கையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததுதான். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் வந்த வேறு சிலரிடம் கண்டவையும் இதில் கலந்திருக்கின்றன.

இப்போதைய பிரச்சினை

வேலையைத் தொடங்குகிறார், முடிப்பதில்லை. அறிக்கையைத் திறந்து வைத்துவிட்டு அதற்கு வேண்டிய ஒரு எண்ணைத் தேடப் போவார். தேடும் வழியில் ஒரு மின்னஞ்சல் கண்ணில் படும், அதற்குப் பதில் எழுதுவார், பதிலுக்காக இன்னொரு கோப்பைத் திறப்பார். மாலையில்தான் அறிக்கை நினைவுக்கு வரும். சாவி, போன், அடையாள அட்டை என்று ஏதாவது ஒன்று தினமும் தொலையும். காலையில் தலை பாரம். இரண்டு வருடத்தில் எடை நன்றாகக் கூடிவிட்டது. மனச்சோர்வு இப்போது இல்லை, தற்கொலை எண்ணமும் இல்லை. "மனசு நிதானமாத்தான் இருக்கு. வேலைதான் நடக்கல" என்றார்.

அதுவரை நடந்தது

22 வயதில் முதல் மருத்துவரைப் பார்த்திருக்கிறார். பல வாரங்களாக அழுகை, எழுந்திருக்கவே முடியாத சோர்வு, எதிலும் விருப்பமின்மை. மனச்சோர்வு என்று எஸ்சிடலோபிராம் கொடுக்கப்பட்டது. ஐந்தாறு வாரத்தில் "ரொம்பவே நல்லா" ஆகிவிட்டதாக நினைத்து அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார், பிறகு அங்கே போகவில்லை. அந்த "ரொம்பவே நல்லா" எப்படி இருந்தது என்று அப்போது யாரும் அக்காவிடம் கேட்கவில்லை.

25 வயதில் வேலையில் தடுமாற்றம் அதிகமாகி இரண்டாவது மருத்துவரிடம் போனார். ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள், மதிப்பெண் அதிகமாக வந்தது. ஏடிஎச்டி என்று மெத்தில்ஃபெனிடேட் தொடங்கப்பட்டது. முதல் சில வாரங்கள் அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக வேலைகள் வரிசையாக முடிந்தன. மூன்றாவது மாதத்தில் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மேலதிகாரியோடு பெரிய சண்டை போட்டு, சொந்தமாக நிறுவனம் தொடங்கப் போவதாகச் சொல்லி ராஜினாமா செய்தார்.

மூன்றாவது மருத்துவர் பார்த்தது இந்த நிலையில்தான். மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தினார், மனநிலையை அடக்கிச் சீராக்கும் வால்புரோயேட்டும் குவெட்டியாபினும் கொடுத்தார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், அதனால்தான் இவர் மீண்டு வந்து வேறு வேலையில் சேர முடிந்தது. ஆனால் சீட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ஏடிஎச்டி இல்லை, முந்தைய நோயறிதல் தவறு.

அந்த வரியை நான் ஏற்கவில்லை. மெத்தில்ஃபெனிடேட் மேனியாவை, அதாவது மனநிலையும் வேகமும் அளவு மீறி எழும் நிலையை, கிளப்பிவிட்டது என்றால் பைபோலார் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அது சரி. அதனால் ஏடிஎச்டி இல்லை என்று ஆகிவிடாது. இதன் மறுபக்கமாக, "மாத்திரை சாப்பிட்டதும் கவனம் வந்தது, ஆகவே ஏடிஎச்டிதான்" என்று சொல்வதும் செல்லாது. 1978-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்போபோர்ட்டும் அவருடைய குழுவினரும் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்தான டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறுவர்களுக்கும் கவனம் கூடியது, துறுதுறுப்பு குறைந்தது. மருந்துக்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து நோயின் பெயரை எழுதக் கூடாது.

படிவங்கள் சொன்னதும் சொல்லாததும்

உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட பெரியவர்களுக்கான ஏடிஎச்டி படிவத்தில் இவர் மிக அதிகமாக மதிப்பெண் வாங்கினார். பைபோலாருக்கான 13 கேள்விப் படிவத்திலும் எல்லையைத் தாண்டினார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எளிதில் கவனம் சிதறுவது, அதிகமாகப் பேசுவது, ஓரிடத்தில் இருக்க முடியாமல் இயங்கிக்கொண்டே இருப்பது, யோசிக்காமல் காரியத்தில் இறங்குவது எல்லாம் இரண்டு பக்கத்திலும் உண்டு. படிவத்தில் ஒருவர் "ஆம்" என்று குறிக்கும்போது அது இந்த வாரத்து ஆமா, பிறந்ததிலிருந்து உள்ள ஆமா என்பது அந்தக் கட்டத்துக்குள் இருப்பதில்லை. படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சைத் தொடங்க அது உதவும், பேச்சை முடித்துவைக்க உதவாது.

ஆகவே ஒரு பெரிய தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஐந்து வயது முதல் இன்றுவரை குறித்தோம். கோட்டுக்கு மேலே மனநிலையும் வேகமும். கீழே படிப்பு, வேலை, தூக்கம், அந்தந்தக் காலத்தில் சாப்பிட்ட மாத்திரைகள். அக்காவும் தங்கையும் தனித்தனியாகச் சொன்னதை வேறு வேறு நிறத்தில் எழுதினேன். அடுத்த முறை வரும்போது பள்ளிக்கூடக் காலத்துச் சான்றுகள் எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னேன்.

மூன்றாம் வகுப்பு நோட்டு

அம்மா பரணில் போட்டு வைத்திருந்த கணக்கு நோட்டு ஒன்று வந்தது. எட்டு வயதுப் பிள்ளையுடையது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். கணக்கின் வழி சரியாக இருக்கிறது, விடை தவறு. ஏன் என்று பார்த்தால் கேள்வியில் இருந்த 68-ஐ 86 என்று எடுத்து எழுதியிருக்கிறாள். கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறாள். ஐந்து கணக்கில் மூன்று போட்டிருக்கிறது, நான்காவது பாதியில் நிற்கிறது, ஓரத்தில் ஒரு மீன் வரைந்திருக்கிறது. ஆசிரியை சிவப்பு மையில் "முடிக்கவில்லை" என்று எழுதியது ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் உண்டு. இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை மதிப்பெண் அட்டைகளின் குறிப்பும் ஒரே மாதிரிதான்: கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது.

வீட்டிலும் இதே கதை. குளிக்கப் போன பிள்ளை பாதி வழியில் வேறு ஏதோ செய்துகொண்டிருப்பாள். அக்கா எப்போதும் பின்னாலேயே போக வேண்டும்.

2013-இல் வந்த அமெரிக்க மனநல சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஏடிஎச்டி அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு சூழலில் தெரிய வேண்டும் என்கிறது. முந்தைய பதிப்பில் இந்த வயது வரம்பு 7 ஆக இருந்தது. பெரியவர்களுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து போதும், பிள்ளைகளுக்கு ஆறு வேண்டும். இந்தப் பெண்ணிடம் இவை எல்லாம் பொருந்துகின்றன. அதைவிட முக்கியம், மனநிலை ஏறி இறங்கத் தொடங்கியதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே இந்த நோட்டு எழுதப்பட்டுவிட்டது. அப்போது மாத்திரையும் கிடையாது, மனச்சோர்வும் கிடையாது. இப்போதுள்ள கவனக்குறைவில் குவெட்டியாபினின் மயக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன், ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது என்பதை அந்த நோட்டே காட்டிவிட்டது.

அக்கா சொன்ன பதினோரு நாட்கள்

சரி, பைபோலாருக்கு என்ன ஆதாரம்? 22 வயதில் வந்த எழுச்சி எஸ்சிடலோபிராம் சாப்பிடும்போது வந்தது. 25-இல் வந்தது மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும்போது. இரண்டிலும் மருந்தின் நிழல் விழுகிறது. மருந்தின் விளைவு தீரும் காலத்தைத் தாண்டியும் முழு அறிகுறிகளோடு நீடித்தால்தான் அதை நோயே கிளப்பிய தனி எபிசோடாக, அதாவது ஒரு நோய்க் காலமாக, கணக்கில் எடுக்கலாம். அதற்குப் போதுமான பதிவு கோப்பில் இல்லை. ஆகவே எந்த மருந்தும் சாப்பிடாத காலத்தில் இப்படி ஏதாவது நடந்ததா என்று தேட வேண்டியிருந்தது.

"இவங்க எப்பவாவது இவங்களாவே இல்லாம, வேற ஆள் மாதிரி இருந்த நாட்கள் உண்டா?" என்று அக்காவிடம் கேட்டேன். தங்கை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா, "காலேஜ் செகண்ட் இயர்" என்றார்.

அப்போது 19 வயது. தேர்வு முடிந்து ஊருக்கு வந்திருந்த பதினோரு நாட்கள். இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து வீட்டையே புரட்டிப் போட்டு அடுக்கினார், பகலில் கண் அசரவில்லை. ஆன்லைனில் பொருள் விற்கும் திட்டம், குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம், ஒரு புதிய மொழி என்று மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினார். தனக்குள் ஒரு பெரிய திறமை இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பழக்கமில்லாதவர்களிடம்கூட வலியப் போய்ப் பேசினார். பிறகு மெதுவாக அடங்கி, அடுத்த இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை.

இந்த இடத்தில் நான் நிறைய நேரம் செலவழித்தேன். தங்கையின் வழக்கமான நிலைக்கும் அந்தப் பதினோரு நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அக்கா அசாத்தியத் தெளிவோடு சொன்னார்.

தூக்கம்: "அவ எப்பவுமே லேட்டாத்தான் தூங்குவா. ஆனா மறுநாள் எழுப்ப முடியாது, நாள் முழுக்கக் கொட்டாவி. அந்த நாட்கள்ல மூணு மணி நேரம் தூங்கிட்டு எங்களை எல்லாம் எழுப்பினா." ஏடிஎச்டியில் தூக்கம் தள்ளிப்போகும், ஆனால் தூக்கத்தின் தேவை குறைவதில்லை, மறுநாள் களைப்பு வந்தே தீரும். மேனியாவிலும் அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவிலும் தேவையே குறைந்துவிடும். நேரத்தைவிட, மறுநாள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பேச்சு: சாதாரணமாக இவர் பேசும்போது நடுவில் "என்ன சொல்ல வந்தேன்?" என்று நிற்பார். என் அறையிலும் அப்படித்தான் நின்றார். நாம் எடுத்துக் கொடுத்தால் சிரித்துக்கொண்டு தொடர்வார். அந்த நாட்களில் நிற்கவே இல்லை, நடுவில் யாராவது புகுந்தால் கோபம் வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியதில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தொடர்பு இருந்ததாம்.

கோபம்: வழக்கமாக ஏதாவது காரணம் இருக்கும், சட்டென்று வரும், அரை மணியில் போய்விடும், அவரே வந்து மன்னிப்புக் கேட்பார். அந்தக் காலத்திலோ காரணம் வேண்டியதே இல்லை, நாள் முழுக்க விறைப்பு.

தன்னைப் பற்றிய எண்ணம்: இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க "நான் சரியில்லை, சோம்பேறி" என்று நினைத்து வளர்ந்தவர். ஏடிஎச்டியோடு வளர்ந்தவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். அந்தப் பதினோரு நாளில் தன்னைப் போல் யாருமில்லை என்றார். அளவு மீறிய உற்சாகம், தன்னை உயர்வாக எண்ணுவது, தூக்கத் தேவை குறைவது, எண்ணங்கள் பாய்வது, பாலியல் நாட்டம் இயல்புக்கு மீறுவது ஆகியவை மேனியாவைக் காட்டிக்கொடுக்கும், வெறும் துறுதுறுப்பும் கவனச்சிதறலும் அப்படிக் காட்டாது என்று குழந்தைகளிடம் ஆய்வு செய்த பார்பரா கெல்லர் எழுதியிருப்பது இங்கே அப்படியே பொருந்தியது.

ஹைப்போமேனியா என்று சொல்லத் தொடர்ந்து குறைந்தது நான்கு நாட்கள் வேண்டும், மேனியாவுக்கு ஒரு வாரம். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனால் நாள் கணக்கே தேவையில்லை. 2013 முதல் மனநிலை மாறியிருந்தால் மட்டும் போதாது, செயலும் ஆற்றலும் சேர்ந்து கூடியிருக்க வேண்டும். இது பதினோரு நாள் நீடித்தாலும் யாருக்கும் பெரிய சேதமில்லை, பிரமைகள் இல்லை, மருத்துவமனையும் தேவைப்படவில்லை. ஆகவே ஹைப்போமேனியா.

தாளை விரித்துப் பார்த்தபோது ஏழு வயதிலிருந்து ஒரே மட்டத்தில் ஓடும் ஒரு பட்டையும், அதன்மேல் 19, 22, 25 வயதுகளில் மூன்று மேடுகளும், ஒன்றிரண்டு பள்ளங்களும் தெரிந்தன. ஆறு எப்போதும் ஓடுவது வேறு, வெள்ளம் வருவது வேறு. இரண்டாவது மருத்துவர் ஆற்றைப் பார்த்தார், மூன்றாமவர் வெள்ளத்தைப் பார்த்தார்.

மற்ற சோதனைகள்

தைராய்டு இயல்பு. போதைப்பொருள், மது இல்லை. குறட்டையும் மூச்சுத் தடையும் இல்லை. உறவுகளை ஒட்டி மணிக்கணக்கில் மாறும் மனநிலை, கைவிடப்படும் பயம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது என்று எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறை நினைக்க வைக்கும் எதுவும் இல்லை. சிறுவயதில் பெரிய அதிர்ச்சி எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் தங்கை பல வருடமாக, பைபோலாருக்குக் கொடுக்கப்படும் லித்தியம் சாப்பிடுகிறார். இது கோப்பின் எந்தப் பக்கத்திலும் இல்லை, கேட்ட பிறகுதான் வந்தது.

நோயறிதல்

இரண்டும். கவனக்குறைவு மேலோங்கிய ஏடிஎச்டியும், இரண்டாம் வகை பைபோலாரும். முழு மேனியா வந்தால் முதல் வகை, ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்தால் இரண்டாம் வகை. 25 வயதில் வேலையை விட்டது மருந்தில்லாமல் நடந்திருந்தால் முதல் வகை என்றே எழுதியிருப்பேன். இனி ஒரு முழு மேனியா வந்தால் வகையை மாற்றி எழுத வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

இது அபூர்வமான சேர்க்கை அல்ல. 2021-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் சுமார் 13 பேரில் ஒருவருக்குப் பைபோலாரும், பைபோலார் உள்ளவர்களில் கிட்டத்தட்ட 6 பேரில் ஒருவருக்கு ஏடிஎச்டியும் இருக்கின்றன. "இதுவா, அதுவா" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் இவர்கள் எல்லோருக்கும் பாதி சிகிச்சைதான் கிடைக்கும்.

மறுபுறம், எரிச்சலான பிள்ளை எல்லாவற்றுக்கும் பைபோலார் என்று பெயர் வைப்பதும் நடந்தது. அமெரிக்காவில் 20 வயதுக்குட்பட்டவர்களின் புறநோயாளி வருகைகளில் பைபோலார் என்று பதிவானவை 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில் 40 மடங்கு ஆயின. நோய் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்க முடியாது. விட்டு விட்டு வராமல் எப்போதுமே எரிச்சலும் ஆத்திரமுமாக இருக்கும் பிள்ளைகளுக்கென 2013-இல் தனி நோய்ப் பெயரே உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, பிற்காலத்தில் அவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் வந்த அளவுக்குப் பைபோலார் வரவில்லை.

சிகிச்சை

வரிசை முக்கியம். முதலில் மனநிலை, அப்புறம் கவனம்.

வால்புரோயேட்டை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தை பெறும் வயதுப் பெண். கருவில் இருக்கும்போது இந்த மருந்து சேர்ந்தால் சுமார் 10 சதவீதக் குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைகளும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சி, கற்றல் பாதிப்புகளும் வருகின்றன. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவசரத்தில் கொடுக்கப்பட்டது அப்படியே தொடர்ந்திருக்கிறது. கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளை, அதுவரை கர்ப்பம் தரிக்கவில்லை.

சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பார்த்துவிட்டு லித்தியம் தொடங்கினோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் இருக்கும்படி வைத்தோம். பிறகு வால்புரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம், குவெட்டியாபினைப் பாதியாக்கினோம். வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, அவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும் என்று எழுதிக் கொடுத்தோம். காலையில் தலைபாரம் நீங்கியது, ஆனால் வேலை முடியாத பிரச்சினை அப்படியே இருந்தது.

ஆறு மாதம் மனநிலை சீராக நின்ற பிறகு மெத்தில்ஃபெனிடேட்டைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். குடும்பம் பயந்தது, பயப்படக் காரணமும் இருந்தது. அவர்களிடம் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்த 2017-ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். பைபோலார் உள்ளவர்கள் மனநிலைச் சீராக்கி (லித்தியம், வால்புரோயேட் போன்ற மருந்து) இல்லாமல் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்டபோது, முதல் மூன்று மாதத்தில் மேனியா வரும் ஆபத்து 6.7 மடங்கானது. சீராக்கியோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. 25 வயதில் இவர் சாப்பிட்டது சீராக்கி இல்லாமல், இப்போது சாப்பிடுவது சீராக்கியோடு.

கூடவே ஓர் ஒப்பந்தம். தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் களைப்பு இல்லையென்றால் அன்றைக்கே மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்திவிட்டு என்னை அழைக்க வேண்டும். தங்கை மறுத்தாலும் அக்கா அழைக்கலாம் என்று தங்கையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பின்தொடர்தல்

ஒரு வருடம் ஆகிறது. அறிக்கைகள் பெரும்பாலும் நேரத்துக்குப் போகின்றன. சாவி இன்னும் தொலைகிறது, முன்பைவிடக் குறைவாக. நடுவில் ஒரு முறை, அவசர வேலைக்காக இரவு முழுக்க விழித்த மறுநாள், களைப்பில்லாத அந்தப் பழைய சுறுசுறுப்பு தலைகாட்டியது. அக்காதான் அழைத்தார். மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தி, குவெட்டியாபினைச் சில நாட்கள் கூட்டியதில் ஒரு வாரத்துக்குள் அடங்கியது. மூன்று வாரம் பொறுத்துப் பழைய அளவில் திரும்பத் தொடங்கினோம். மழுங்கலான ஒரு சோர்வுக் காலமும் வந்து போனது, மருந்தை மாற்றாமலேயே.

இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறார். லித்தியத்தைக் குறைந்த அளவில் தொடர்வதா, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மட்டும் நிறுத்துவதா, மெத்தில்ஃபெனிடேட் இல்லாமல் வேலைச்சுமையைக் குறைத்துச் சமாளிக்க முடியுமா என்று மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து யோசித்துவருகிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்கள் பைபோலார் உள்ள பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். இரவில் குழந்தைக்கு யார் எழுந்திருப்பது, இவர் தடையில்லாமல் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பதையும் இப்போதே மருந்துத் திட்டத்தோடு சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறோம்.